மூன்று அட்டைகள்

வணக்கம் சார்.

நான் வணிகவியல் படித்தவள். மகன் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறான். அவன் ஒப்பிப்பதைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் விலங்கியல் புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். துளையுடலி, குழியுடலி, கணுக்காலி, முட்தோலி என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். "இதையெல்லாம் உருப்போட்டுத்தான் ஆகணும்மா" என்கிறான். விலங்கியல் என்றால் இவ்வளவுதானா? டிஎன்ஏவை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற காலத்தில், விலங்கைப் பார்த்துப் படிக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? எனக்கும் கற்றுக்கொள்ள ஆசைதான். எங்கிருந்து தொடங்கலாம்?

பின்குறிப்பு: அறுந்த பல்லிவால் திரும்ப வளரும்போது உள்ளே எலும்பும் வளருமா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

மாலதி

அன்புள்ள மாலதி,

அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். பல வருடம் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் விலங்கியலை விட்டு ஓடுவது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான். அது அவர்கள் குற்றமில்லை. ஒரு பெயர் எதற்காக வைக்கப்பட்டது என்று சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அட்டை என்று எதையெல்லாம் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் உறிஞ்சுகிற அட்டை. தொட்டால் சுருண்டுகொள்கிற மரவட்டை. கடலடியில் கிடக்கிற கடலட்டை. மூன்றும் நீளமானவை, மூன்றும் மெதுவாக நகர்பவை. அதனால் மூன்றுக்கும் ஒரே பெயர்.

இப்போது ஒவ்வொன்றையும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மரவட்டையைத் திருப்பினால் வளையம் வளையமான உடல் தெரியும். பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும், ஒவ்வொரு காலிலும் கணுக்கள். மேலே கெட்டியான ஓடு. அந்த ஓடு கூடவே வளராது. ஆகவே உடல் பெருக வேண்டுமென்றால் மரவட்டை பழைய ஓட்டை உரித்துப் போட்டாக வேண்டும். நண்டும் சிலந்தியும் எறும்பும் செய்வது இதையேதான். இவை எல்லாம் கணுக்காலிகள்.

ரத்தம் குடிக்கிற அட்டைக்குக் காலும் இல்லை, ஓடும் இல்லை. இரண்டு முனையிலும் உறிஞ்சிகள் உண்டு. உடல் சுவரில் வளையமாக ஓடும் தசையும் நீளவாக்கில் ஓடும் தசையும் இருக்கின்றன. வளையத்தசை இறுகினால் அட்டை நூல் மாதிரி நீளும். நீளத்தசை இறுகினால் குட்டையாகித் தடிக்கும். இந்த அட்டை மண்புழுவுக்கு உறவு.

கடலட்டையின் கதையே வேறு. அதை வெள்ளரிக்காய் மாதிரி குறுக்கே வெட்டினால், உடல் ஐந்து பாகமாக அமைந்திருப்பது தெரியும். நீரின் அழுத்தத்தால் நீண்டு சுருங்குகிற குழாய்க் கால்கள் பல இனங்களில் உண்டு. நட்சத்திர மீனை இழுத்து நீட்டிப் படுக்க வைத்தது போன்ற உடல். முட்தோலி என்று உங்கள் மகன் உருப்போட்டானே, இது அந்தக் கூட்டம்தான்.

இதற்கு அடுத்து வருவதைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடலட்டைக்கு மரவட்டையைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். கரு வெறும் செல் உருண்டையாக இருக்கும்போது அதில் ஒரு குழி விழும். கடலட்டையில் அந்தக் குழி மலவாயாகிறது, வாய் பிறகு வேறோர் இடத்தில் திறக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளும் இந்தக் கிளையைச் சேர்ந்தவைதான். மரவட்டையும் ரத்த அட்டையும் இன்னொரு பெருங்கிளை. கருவளர்ச்சியைப் பார்த்து ஊகித்த இந்தப் பிரிவைப் பின்னாளில் மரபணுக்களும் உறுதிப்படுத்தின.

ஆக, பெயர் என்பது ஒரு உறவுமுறை. சித்தப்பா என்று ஒருவரைக் கூப்பிடும்போது, அவர் எந்தக் கிளை, யாருக்குத் தம்பி என்பதும் சேர்ந்துதானே வருகிறது. முட்தோலி, கணுக்காலி எல்லாம் அப்படித்தான். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ், உயிர்களைப் பெரிய கூட்டம், அதற்குள் சிறிய கூட்டம் என்று அடுக்கி எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1758-ஆம் வருடப் பதிப்பிலிருந்துதான் விலங்குகளின் அறிவியல் பெயர்களைக் கணக்கில் எடுக்கிறோம். பரிணாமக் கருத்து நிலைபெற்ற பிறகு அந்த அடுக்குமுறை வம்சாவளியாகவே மாறிவிட்டது. இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்கள் சுமார் 15 லட்சம். அதில் சுமார் 10 லட்சம் பூச்சிகள். விலங்கு என்றதும் நம் மனதில் வரும் யானை, புலி, மான் அடங்கிய பாலூட்டிகள் மொத்தமே சில ஆயிரம் இனங்கள்தான்.

விலங்கு என்ற சொல்லுக்குக் குறுக்காக இருப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. மனிதன் நிமிர்ந்து நிற்க, அவை தரைக்கு இணையாக உடலை நீட்டி நடக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. விலங்குலகின் பெரும்பகுதிக்கு அந்த வடிவம்தான்: முன்னால் தலை, பின்னால் வால், இடமும் வலமும் ஒன்றுபோல. ஆனால் விலங்கியலின் கணக்கில் தலையே இல்லாத கடற்பஞ்சும் விலங்குதான். பல செல்கள் இருக்க வேண்டும், அந்தச் செல்களுக்குத் தாவரங்களுக்கு இருப்பது போன்ற சுவர் இருக்கக் கூடாது, தன் உணவைத் தானே தயாரிக்காமல் பிற உயிர்களிடமிருந்து பெற வேண்டும். முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான்.

சரி, டிஎன்ஏ. அது வந்ததால் உடலைப் பார்க்கிற வேலை போய்விட்டதா? திமிங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று 1990-களில் மரபணு ஆய்வுகள் சொல்லத் தொடங்கின. புதைபடிவம் பார்ப்பவர்களில் பலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு 2001-ல், பாகிஸ்தானில் கிடைத்த ஆதிகாலத் திமிங்கிலங்களைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றுக்குக் கால்கள் இருந்தன. கணுக்காலில் இருந்த ஒரு எலும்பு இரண்டு பக்கமும் கப்பி போன்ற வடிவம். மாடு, மான், பன்றி, நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய எலும்பு அது. மரபணு சொன்னதை எலும்பும் சொன்ன பிறகு அந்த வழக்கு பெருமளவு தீர்ந்தது. அந்தக் கணுக்கால் எலும்பைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொள்ள, ஆயிரம் கணுக்கால்களை ஏற்கெனவே பார்த்த ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எந்த இயந்திரத்திலிருந்தும் வராது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். சுவரோரம் செத்துக் கிடக்கும் சிலந்தியிலிருந்து. எட்டுக் காலையும் உள்பக்கம் மடக்கிக்கொண்டுதான் அது கிடக்கும். ஏன் என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? நம் முழங்காலில் மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்தியின் காலிலுள்ள முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்குகிற தசை மட்டும்தான் இருக்கிறது. நீட்டுவதற்கு அது உடல் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்துகிறது. செத்ததும் அழுத்தம் போய்விடுகிறது, கால்கள் மடங்கிவிடுகின்றன. பெருக்கித் தள்ளிவிடுகிற ஒரு பொருளில் இவ்வளவு இருக்கிறது.

உயிரோடிருக்கிற விலங்கைப் பார்ப்பதற்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் மணலில் வளை தோண்டும் ஒரு குளவியைக் கவனித்தார். இரை தேடப் போன குளவி இத்தனை வளைகளுக்கு நடுவில் தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குளவி உள்ளே இருக்கும்போது வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். வெளியே வந்த குளவி அங்கே சுற்றிப் பறந்துவிட்டுக் கிளம்பியது. அது போன பிறகு அந்த வட்டத்தை அப்படியே சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி பக்கத்திலேயே இருந்த தன் வளைக்குப் போகவில்லை, காய்களின் நடுவே இறங்கித் தேடியது. சுற்றியிருக்கும் அடையாளங்களை அது பார்த்து நினைவில் வைக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காகத்தான் 1973-ல் அவருக்கும் கார்ல் வான் ஃப்ரிஷ், கான்ராட் லாரன்ஸ் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் செலவு என்று பார்த்தால் பொறுமை மட்டும்தான்.

அப்புறம், உங்கள் மகனின் கேள்வி. பின்குறிப்பில் போட்டுவிட்டீர்கள், ஆனால் கடிதத்தில் விலங்கியல் இருந்த இடமே அதுதான். எலும்பு வளராது. பல்லியின் வால் மூட்டில் கழல்வதில்லை, ஒரு முள்ளெலும்பின் குறுக்கே விரிசல் போல ஏற்கெனவே இருக்கும் இடத்தில் முறிகிறது. திரும்ப முளைக்கிற வாலுக்குள் முள்ளெலும்புகளுக்குப் பதிலாக ஒரு நீண்ட குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். அதில் அந்த விரிசல்கள் கிடையாது. ஆகவே அடுத்த முறை முறிய வேண்டுமானால், உடம்புப் பக்கமாகப் பழைய வால் மிச்சமிருக்கும் பகுதியில்தான் முறிய முடியும். புது வாலின் நிறமும் செதிலும் பழையதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கும். சுவரில் பல்லி அசையாமல் இருக்கும்போது உற்றுப் பார்த்தால், எந்த இடத்திலிருந்து முளைத்தது என்று அவனே கண்டுபிடித்துவிடுவான்.