மருமகளின் எள்ளுத் தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண், ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தவள். அவளுடைய எள்ளுத் தாத்தா 1840 வாக்கில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பேத்திக்காக அவர் கதையை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: நல்ல ஆசை. ஆனால் அவரிடமிருந்து தொடங்காதீர்கள். ஒரே பெயரில் அந்தக் காலத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்சாவளியை அப்படியே எடுத்துக்கொண்டால் வேறொருவர் குடும்பத்தை எழுதிவிடுவீர்கள். மருமகளின் தாத்தாவிடமிருந்து பின்னோக்கிப் போங்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியல்கள் 72 ஆண்டுகள் கழித்தே திறக்கப்படும். 1950 பட்டியல் 2022-இல் வெளிவந்தது. ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே தாத்தாவைப் பிடித்து, பத்துப் பத்து ஆண்டாகக் கீழே இறங்குங்கள். எழுத்துப் பிழைகளுக்குத் தயாராக இருங்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். ஷ்மிட் ஸ்மித் ஆனது, வயதும் முன்பின் போனது.

1900 பட்டியலில் கொஞ்சம் நில்லுங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், கல்யாணமாகி எத்தனை ஆண்டு என்பதும் அதில் உண்டு. பெண்களிடம் இன்னும் இரண்டு கேள்வி: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. எந்தக் குடும்பத்தைத் தேடினாலும் என் கண் முதலில் அந்த இரண்டு கட்டங்களுக்குத்தான் போகும். ஒன்பது, ஐந்து என்று இருந்தால், வேறெங்கும் பெயர் பதியாமலே போன குழந்தைகள் அந்த வித்தியாசத்தில் இருக்கலாம்.

1890 பட்டியல் பெரும்பாலும் கிடைக்காது. 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி அழிந்தது. ஆனால் அதே 1890-இல் வடக்குப் படை வீரர்களையும் அவர்களின் விதவைகளையும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். அதில் ஓஹாயோ பகுதி தப்பியிருக்கிறது. அவர் இருந்த ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவின்) பெயர் அங்கே கிடைத்துவிட்டால் அதே பெயருள்ள மற்றவர்களைக் கழித்துவிடலாம். நடுவில் விடுபடும் கல்யாணங்களுக்குக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) திருமணப் பதிவேட்டைப் பாருங்கள்.

குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதலில் எழுதியது 1880-இல். வீட்டில் மாமியாரோ மச்சானோ இருந்தால் அதிர்ஷ்டம். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அடிமைகளாக இல்லாத எல்லோரையும் பெயரோடு எழுதத் தொடங்கியது 1850-இல். அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. உங்கள் ஆள் பத்து வயதுப் பையனாக அப்பா அம்மாவோடு அந்த 1850 பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் விடப் பெரியது, போர் வீரர்களுக்கு அரசு கொடுத்த பென்ஷனின் கோப்பு. அவர் இறந்தபின் மனைவி விதவை பென்ஷன் கேட்டிருந்தால், அந்த வீரருக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன் என்பதை அந்தப் பெண் நிரூபித்தாக வேண்டும். பதிவேடு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதியிருந்த குடும்ப பைபிள் தாளையே கிழித்து அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த அக்கம்பக்கத்தார், பிரசவம் பார்த்த பெண்மணி எனப் பலர் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தைப் பற்றி ஊரார் பேசியதை இவ்வளவு நெருக்கமாகக் கேட்க வேறு வழியே இல்லை.

இந்தக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அட்டவணையை இணையத்தில் தேடி முதலில் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கட்டணம் கட்டி நகல் கேளுங்கள். சரி, ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: முக்கியமான சில பக்கங்கள் போதும் என்று சொல்லாமல், முழுக் கோப்பும் வேண்டும் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலங்கள் விட்டுப்போகக் கூடாது.