வாசகர் கேள்வி: ஒரே நாளில் பழனிக்கு

கேள்வி: தைப்பூசத்துக்குக் கூட்டாளியோடு தாராபுரத்திலிருந்து பழனிக்கு நடக்கிறேன். முதல் தடவை. ஒரே நாளில் முடியுமா? - ஒரு வாசகர், காங்கயம்

பதில்: முடியுங்க. சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் விடியற்காலை 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள். தை மாதக் குளிரில் கால் தானாக ஓடும். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம் ஒட்டுங்கள். இருட்டில் லாரிக்காரருக்கு அதுதான் தெரியும்.

10 மணிக்கு மேல் வெறுங்காலில் தார் ரோடு சுடும். நானும் என் கூட்டாளியும் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். கறுப்புத் தாரைவிட அதில் சூடு குறைவு. அப்படியும் அவன் குதிகாலில் சுண்டைக்காய் அளவு கொப்புளம். நான் அதைக் கவனிக்காமல் அரை கிலோமீட்டர் முன்னால் போய்விட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், சுத்தமான துணி சுற்றினால் போதும்.

வழியெல்லாம் அன்னதானம் உண்டு. அதனால் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், மோரும் உப்பும் போதும். அப்புறம் சண்முகநதியில் குளித்துவிட்டு மலையேறுங்கள். அந்தத் தண்ணீரில் கால் வைத்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டு "அரோகரா" என்றான், நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.