துருக்கியில் 8 நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரத்தில் கணவர், மாமியார், 14 வயது மகளோடு 8 நாள் துருக்கி போகிறோம். ஊர் ஊராக ஓடிப் படம் எடுத்துத் திரும்ப விருப்பமில்லை. அந்த நாட்டு வரலாறும் பண்பாடும் கொஞ்சமாவது புரிய வேண்டும். எப்படித் திட்டமிடலாம்? நாங்கள் சைவம்.

பதில்: விட வேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்காலே, எபேசஸ் என்று நான்கையும் 8 நாளில் அடைத்துத் தரும் திட்டங்கள் நிறைய உண்டு. கப்படோக்கியா நாட்டின் நடுவில் இருக்கிறது. எபேசஸ் மேற்குக் கடற்கரைப் பக்கம். இரவுப் பேருந்தும் அதிகாலை விமானமுமாக அலைந்தால் மாமியார் மூன்றாம் நாளே களைத்துப்போவார். எபேசஸ் அருமையான இடம்தான், ஆனாலும் இந்த முறை வேண்டாம். இஸ்தான்புல்லில் 5 நாள், கப்படோக்கியாவில் 3 நாள் தங்குங்கள். இடையே, கப்படோக்கியாவுக்குப் பக்கத்து விமான நிலையங்களான கய்சேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ விமானத்தில் போனால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். பேருந்தென்றால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

துருக்கியின் பழைய கட்டடங்களில் பல, கை மாறியவை. மாறியபோது எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று பார்க்கப் பழகிவிட்டால் வழிகாட்டி சொல்லும் தேதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இதைப் பழக இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவைவிட நல்ல இடம் கிடையாது.

கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் 537-ல் கட்டி முடித்த தேவாலயம் அது. 1453-ல் ஒட்டோமான் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்ததும் மசூதியானது, 1935-ல் அருங்காட்சியகமானது, 2020-ல் மறுபடி மசூதியானது. 2024 முதல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி வாசல். கட்டணம் 25 யூரோ என்று தொடங்கியது. கீழ்த்தளம் தொழுகைக்கு, நீங்கள் பார்ப்பது மாடத்திலிருந்து. அங்கிருந்து மிஹ்ராபை, அதாவது தொழும் திசையான மெக்காவைக் காட்டும் சுவர்க்குழிவைக் கவனியுங்கள். தேவாலயத்தின் அச்சு ஒரு திசை, மெக்கா சற்றே வேறு திசை. அதனால் மிஹ்ராப் நேர் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் விலகி நிற்கும். பிறகு பேரரசி ஸோயியின் மொசைக்கை, அதாவது சிறுகற்களைப் பதித்துச் செய்த படத்தைத் தேடுங்கள். நடுவில் இயேசு, ஒரு பக்கம் ஸோயி, மறுபக்கம் அவருடைய மூன்றாம் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். முகங்கள் மூன்றும் பிற்பாடு மாற்றிப் பதித்தவை. கணவரின் பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆட்சியில் ஆள் மாறியது அந்தச் சிறுகற்களிலேயே பதிவாகியிருக்கிறது.

அன்றைக்கே சுலைமானியே மசூதிக்கும் போய்விடுங்கள். கட்டணமில்லை. வழி மேடு என்பதால் மாமியாருக்கு டாக்சி நல்லது. சினான் என்ற கட்டடக் கலைஞர் 1550 முதல் 1557 வரை கட்டியது. ஹாகியா சோபியாவைப் போலவே நடுக் குவிமாடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு அரைக் குவிமாடங்கள். ஆனால் ஹாகியா சோபியாவில் தூண்வரிசைகள் பக்கக் கூடங்களை மறைக்கும். சினான் அந்தத் தடுப்பைத் திறந்து ஒரே கூடம்போல ஆக்கிவிட்டார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் மனதில் பதியும், அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

மசூதிகளில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். வெள்ளி நண்பகலில் காத்திருப்பு இன்னும் நீளும். பெண்கள் தலையை மூடத் துப்பட்டாவே போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காலணிக்கு ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, பெரிய பஜாருக்கு ஞாயிறு விடுமுறை.

மகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பழைய நீரூற்றுகள், வாயில்கள் மேலெல்லாம் அரபு எழுத்தில் கல்வெட்டு இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் படித்துக் காட்டச் சொல்லட்டும், பெரும்பாலும் முடியாது. 1928-ல், துருக்கிக் குடியரசை நிறுவிய அட்டாதுர்க்கின் அரசு அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தது. அந்த மொழியில் தங்கிய அரபு, பாரசீகச் சொற்களில் சில நமக்கும் சொந்தம்: நம் ஜவாப் அங்கே ‘ஜெவாப்’, அசல் ‘அசில்’, ஆஜர் ‘ஹாஸிர்’. பொருள் சற்று நகர்ந்திருக்கும்; ஹாஸிர் என்றால் ‘தயார்’.

அக்டோபர் 29 குடியரசு நாள். 1923-ல் குடியரசு பிறந்த தேதி. 28-ஆம் தேதி மதியமே விடுமுறை தொடங்கிவிடும், எனவே கடைவீதி, வங்கி வேலைகளை முன்னதாக முடித்துவிடுங்கள். 29 மாலை தெருவில் இருங்கள். கொடிகளும் அட்டாதுர்க் படங்களும் பால்கனிகளில் தொங்குவதைப் பார்த்தால் அந்த மனிதர் இன்றும் அவர்களுக்கு யாரென்று புரியும். அவரைப் பற்றிக் கேலியாக எதுவும் பேசக் கூடாது. அவரது நினைவை இழிவுபடுத்துவது அங்கே சட்டப்படி குற்றம்.

கப்படோக்கியாவில் பலூன் சவாரியை முதல் விடியலுக்கே பதிவு செய்யுங்கள். காற்று சரியில்லை என்றால் ரத்தாகும், அடுத்த காலை கையில் இருக்கும். பணம் திரும்பத் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ‘இருண்ட தேவாலயத்துக்கு’ தனிச் சீட்டு, தயங்காமல் வாங்குங்கள். வெளிச்சம் அதிகம் நுழையாததால்தான் சுவரோவியங்களின் நிறம் இன்னும் மங்கவில்லை. தெரின்குயு நிலத்தடி நகரில் குனிந்தே நடக்க வேண்டிய பாதைகள் உண்டு, மாமியார் மேலேயே இருக்கட்டும். முஸ்தஃபாபாஷா கிராமத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கட்டிய கல்வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1923-ல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் அவர்கள் வெளியேற நேர்ந்தது. கப்படோக்கியக் கிறிஸ்தவர்களில் பலர் வீட்டில் பேசியது துருக்கி மொழி, எழுதியது கிரேக்க எழுத்தில். தாய்மொழி துருக்கியாக இருந்தும் மதத்தை வைத்துக் கிரேக்கர் என்று அனுப்பப்பட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ‘எத்’ என்றால் இறைச்சி, ஆனால் பேச்சில் பலரும் ஆடு, மாட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். ‘எத் யோக்’ (இறைச்சி இல்லை) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம். ‘எத் யோக், தாவுக் யோக், பாலிக் யோக்’ என்று கோழியையும் மீனையும் சேர்த்தே சொல்லுங்கள். பருப்பு சூப்பிலும் பிலாவ் சோற்றிலும் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கவலையின்றிச் சாப்பிட ‘ஸெய்தின்யாலி’ வகை நல்லது: ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துத் தரும் காய்கறிகள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் ‘லொகந்தா’ உணவகங்களில் கைகாட்டியே வாங்கலாம்.

கடைக்காரர் தேநீர் தந்தால் மறுக்காதீர்கள், குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பையின் மேல் குறுக்கே வையுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது ‘கொலாய் கெல்சின்’ என்று சொல்லுங்கள். வேலை எளிதாகட்டும் என்று பொருள், முகம் மலர்ந்துவிடும். தலையைச் சற்றே மேலே தூக்கிப் புருவத்தை உயர்த்தி ‘ச்’ என்றால் ‘இல்லை’. நம்மைப்போல் பக்கவாட்டில் ஆட்டினால் அவர்களுக்கு ஆமா, இல்லையா என்றே விளங்காது. அதனால் ‘எவெத்’, அதாவது ஆமாம் என்று, வாயால் சொல்லிவிடுங்கள்.