ஆகஸ்டில் தீவுப் பயணம்: நாட்டைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்ட் மாதத்தில்தான் இரண்டு வாரம் லீவு கிடைக்கிறது. நான், மனைவி, எட்டு வயது மகள், எழுபதை நெருங்கும் என் அம்மா என நான்கு பேர். வெப்பமண்டல நாடு ஒன்றில் கடற்கரையோரமாகக் கழிக்க ஆசை. தாய்லாந்து, பாலி, இலங்கை மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் என்றால் அங்கெல்லாம் மழைக்காலம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கே போகலாம்? டிக்கெட் எடுக்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. மழை உண்டு, ஆனால் எல்லாக் கரையிலும் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலுமே ஆகஸ்டுக்கு ஏற்ற கடற்கரை இருக்கிறது. ஒரு நாட்டின் மேற்குக் கரையில் கொட்டித் தீர்க்கும் அதே வாரத்தில் கிழக்குக் கரையில் வெயில் அடிக்கும். அதனால் நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல், எந்தக் கரை என்பது வரை முடிவு செய்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஏன் இப்படி? வெப்பமண்டலத்தில் பருவம் என்பது பெரும்பாலும் மழையை வைத்துத்தான். ஆண்டின் நடுப்பகுதியில் மழைப் பட்டை சூரியனைத் தொடர்ந்து வடக்கே நகர்கிறது. அப்போது வீசும் தென்மேற்குக் காற்று இந்தியப் பெருங்கடலின் ஈரத்தை அள்ளிவந்து மேற்குப் பார்த்த கரைகளில் இறக்குகிறது. மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது. ஆண்டு முடிவில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும்; அப்போது நிலைமை தலைகீழாகும்.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கெட், கிராபி இரண்டும் மேற்கே அந்தமான் கடல் பக்கம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஒரு மணி நேரம் பெய்துவிட்டு வெளுத்துவிடும் நாட்கள் நிறைய உண்டு. சிக்கல் கடலில் இருக்கிறது. மேற்குக் கடற்கரைகளில் அந்த மாதங்களில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். கொடி இருந்தால் முழங்கால் அளவு தண்ணீரில்கூட மகளை விடாதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும். சிமிலன் தீவுகளையே மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடிவிடுகிறார்கள். அதே நாட்டில் கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சாமுய் தீவில் ஆகஸ்ட் நல்ல மாதம். அங்கே கனமழை வருவது அக்டோபருக்கு மேல்தான்.

இலங்கையும் அப்படித்தான். காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ போன்ற தென்மேற்குக் கரைகள் ஆகஸ்டில் கொந்தளிக்கும். கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியும், தெற்கே பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும். அறுகம்பையும் கிழக்கில்தான், ஆனால் அது அலைச்சறுக்கு ஆடுபவர்களின் கடல். உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஆகஸ்ட் அங்கே வறண்ட காலம்; வெக்கையும் மற்ற மாதங்களைவிடக் குறைவு. எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். தங்குமிடத்தைச் சீக்கிரமே பிடித்துவிட வேண்டும். தென்முனையின் உலுவாட்டு பக்கம் அலை பெரிது. ஆனால் சானூரில் கரைக்கு முன்னால் பவளப்பாறை ஓர் அரண் மாதிரி நிற்பதால் உள்ளே தண்ணீர் ஆழம் குறைந்து, அலையடங்கி இருக்கும். கடலோரமாகவே சமதளமான நடைபாதையும் போகிறது. எட்டு வயதுக் குழந்தையும் எழுபது வயது அம்மாவும் சேர்ந்து போகும் பயணத்துக்கு என் முதல் தேர்வு சானூர்தான். அடுத்தது நிலாவெளி.

இன்னொன்று. கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் வெப்பமண்டல ஊர்களுக்குப் பெரும்பாலும் பதினான்கு நாளும் இடியும் மழையும்தான் காட்டும். அதைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம். பிற்பகலில் அரை மணி நேரத் தூறல் வந்தாலும் அதற்கு மழைப் படம்தான். அந்த ஊரின் மாதாந்திர சராசரி மழையளவு, மழை பெய்யும் நாட்களின் எண்ணிக்கை, கடல் நிலை மூன்றையும் தேடிப் பாருங்கள்.

இடம் முடிவானதும் நால்வரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்ப்பதே சரி. மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் வழியாக விமானம் மாறினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும்.

மருத்துவரைப் பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பாருங்கள். கல்லீரல் அழற்சி ஏ (ஹெபடைடிஸ் ஏ), டைபாய்டு தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். பாலி என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். 2008 முதல் அந்தத் தீவில் அந்த நோய் இருக்கிறது; நாய் மட்டுமல்ல, குரங்கு கடித்தாலும் கீறினாலும் அது தொற்றலாம். உபுட் குரங்குக் காட்டில் குரங்குகள் குழந்தையின் கையிலிருந்து பண்டத்தைப் பிடுங்கும். அந்தப் பிடுங்கலில் நகம் கீறிவிடும். கீறினாலும் சரி, கடித்தாலும் சரி, உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று ஊர் திரும்பும் வரை காத்திருக்கக் கூடாது.

இந்த இடங்களுக்கு மலேரியா மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. இலங்கை 2016-லேயே மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. சானூர், கோ சாமுய் போன்ற சுற்றுலாப் பகுதிகளிலும் ஆபத்து மிகக் குறைவு. டெங்கு அப்படி இல்லை, மூன்று நாடுகளிலும் உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அதுவும் விடிந்த பிறகும் மாலை மயங்கும் முன்பும் அதிகமாக. ராத்திரிக்குக் கொசுவலை கட்டினால் போதும் என்று இருந்துவிட முடியாது. டீட் அல்லது பிக்காரிடின் கலந்த கொசு விரட்டி வாங்குங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு மேலே கொசு விரட்டி. மகளுக்கு உங்கள் கையில் ஊற்றித் தடவிவிடுங்கள். அவள் உள்ளங்கையில் மட்டும் படவே கூடாது; அடுத்த நிமிடம் அந்தக் கை கண்ணுக்குத்தான் போகும்.

அங்கே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அம்மா இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் தானாக நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் கேளுங்கள், ஏனென்றால் வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். மாத்திரைகளை அவற்றின் அசல் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸை டிக்கெட் எடுத்த அன்றே எடுத்துவிடுங்கள். பயணம் ரத்தானால் கிடைக்கும் பாதுகாப்பு அன்றிலிருந்தே தொடங்கும். எவ்வளவு தொகை என்பதைவிட எதெல்லாம் விலக்கு என்ற பக்கத்தைப் படியுங்கள். வேறு ஊருக்கோ நாட்டுக்கோ விமானத்தில் கொண்டுபோய்ச் சிகிச்சை தருவது அதில் சேர்ந்திருக்கிறதா? அம்மாவின் பழைய நோய்களைச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறீர்களா? அப்புறம் ஸ்கூட்டர். பாலியிலும் தாய்லாந்திலும் லைசென்ஸைப் பார்க்காமலே வாடகைக்குக் கொடுத்துவிடுவார்கள். இருசக்கர வண்டிக்கான லைசென்ஸும் அந்த நாட்டில் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் விழுந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் க்ளைமைத் தள்ளிவிடும். நான்கு பேருக்கு ஓட்டுநரோடு கார்தான் பொருத்தம்.

நாளைத் திட்டமிடும்போது அங்கே கோடையிலும் பகல் நீளாது என்பதை நினைவில் வையுங்கள். பாலியில் ஆகஸ்டில் மாலை ஆறே காலுக்குச் சூரியன் போய்விடும்; அந்தி மயக்கமும் அதிக நேரம் நிற்காது. வெளிவேலைகளைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் வைத்துக்கொண்டு, நடுப்பகலை நிழலில் கழித்து, நான்கு மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எதையும் நிரப்பாதீர்கள். வெக்கைக்கு உடம்பு பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அம்மாவுக்கு இன்னும் கூடலாம். உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில கையில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு இரண்டு ஊர் போதும்: பத்து நாள் கடற்கரை, நான்கு நாள் உள்நாட்டு மேட்டுப்பகுதி.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தேதிகள் என்று சொல்லிவிடுங்கள். டெங்கு, கொசு கடித்த நாளிலிருந்து பதினான்கு நாள் வரை கழித்துக்கூட வெளிப்படலாம். நீங்கள் சொல்லாவிட்டால், எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அவருக்குத் தோன்றாமலே போகலாம்.