எதிராளியைத் தரையில் மடக்கிப் பூட்டும் கலையான ஜியு-ஜிட்சு பயிற்சியில் பழகிய ஒரே பார்ட்னரோடு ரோல் செய்தால் (பயிற்சிச் சண்டை போட்டால்) போதுமா, ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

மாற்றுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சேர்ந்த முதல் எட்டு மாதம் எனக்கு ஒரே ஜோடிதான். ஏறக்குறைய ஒரே எடை, ஒரே உயரம், இருவருமே வெள்ளை பெல்ட், அதாவது தொடக்க நிலை. கோச் ஆள் பிடிக்கச் சொன்னதும் வேறு யார் கண்ணிலும் படாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் டிரையாங்கிள் (எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் கால்களுக்குள் பூட்டி நெரிக்கும் பிடி) அவனிடம் ஐந்துக்கு மூன்று தடவை விழும். டிரையாங்கிள் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் எனக்குக் கைவந்தது அவன்தான். எப்போது இடது கையை உள்ளே விடுவான் என்பது மனப்பாடம்.

ஒரு நாள் அவன் வரவில்லை. நூறு கிலோவைத் தாண்டிய, எனக்கு அடுத்த நிலையான நீல பெல்ட் அண்ணனோடு ரோல். டிரையாங்கிள் போட்டால் காலைப் பூட்டவே முடியவில்லை. கணுக்கால் மறுகாலின் மடிப்புக்கு எட்டவில்லை. வழக்கம்போல் தலையைப் பிடித்து இழுத்தேன். அவர் சாவகாசமாக நிமிர்ந்து, என் காலை ஓரந்தள்ளிவிட்டு, சைடு கன்ட்ரோலில், அதாவது பக்கவாட்டில் என் நெஞ்சின் மேல் அமுக்கிப் படுத்துவிட்டார். மூச்சு முட்டியது. உள்ளங்கையால் நெஞ்சைத் தள்ளிப் பார்த்தேன். "தள்ளாதீங்க தம்பி, எலும்பை வைங்க" என்றார் காதருகே. ஒரு முன்கையை அவர் கழுத்தடியிலும் இன்னொன்றை இடுப்பிலும் முட்டுக் கொடுத்தேன். அவர் அசையவில்லை, ஆனால் நான் நழுவ முடிந்தது. ஃபிரேம், ஃபிரேம் என்று கோச் மாதக்கணக்கில் கத்தியது அன்றுதான் உடம்பில் ஏறியது. டிரையாங்கிளுக்கும் அவரே வழி சொன்னார்: தலையை இழுக்காமல், என் கால் எலும்பை நானே பிடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பிக் கோணம் மாற்றிப் பூட்டுவது. பழைய ஜோடியிடம் அதற்குத் தேவையே வந்ததில்லை.

அதற்கு நேரெதிர், ஐம்பது கிலோ இருக்கும் ஒரு பர்ப்பிள் பெல்ட் (நீலத்துக்கும் மேல்) அக்கா. என் பலத்தோடு மோதவே மாட்டார். நான் முன்னால் தள்ளினால் அங்கே இருக்க மாட்டார். அடுத்த நொடி என் முதுகில் இருப்பார். அவரிடம் டேப் அடித்த (தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிய) பிறகுதான் நான் எவ்வளவு முரட்டுத்தனமாக ஆடுகிறேன் என்று தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒதுக்காதீர்கள். ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் பிடிக்கு) எப்படி எதிர்வினை காட்ட வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் என்னை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்! சிரிப்பு வந்தது, ஆனால் என் முழங்கால்கள் ஒட்டாமல் இருந்ததால்தான் அது நடந்தது.

இந்தக் கலையே கலந்து பழகி வளர்ந்ததுதான். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, மனப்பாட அசைவுகளோடு நிறுத்தாமல் ரந்தோரி என்ற தடையற்ற பயிற்சியை மையமாக வைத்தார். நம் ரோலுக்கு அதுதான் மூதாதை. 1993-இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில் (பல கலை வீரர்கள் மோதும் சண்டைப் போட்டி) எடைப்பிரிவே கிடையாது. ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேஸி ஒரே இரவில் ஒரு குத்துச்சண்டைக்காரர், ஒரு ஷூட்ஃபைட்டர் (மல்யுத்தம் சார்ந்த சண்டை வீரர்), ஒரு சவாட் (பிரெஞ்சு உதைச்சண்டை) வீரர் என்று மூவரை வென்றார்.

எல்லாரோடும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு என்று அர்த்தமில்லை. டேப் அடித்த பிறகும் விடாதவர், முழங்காலை வெடுக்கென்று முறுக்குபவர் இருப்பார்கள். "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு முறை கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டு, காயத்தோடு ஆறு வாரம் பயிற்சி விரிப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பழைய ஜோடியை விட்டுவிடவில்லை. புதிதாகப் பிடித்த ஒன்றை மெதுவாக ஐம்பது தடவை போட்டுப் பார்க்க அவன்தான் வேண்டும். ஆனால் இப்போது அவனும் நாலு பேரோடு ரோல் செய்துவிட்டு வருகிறான். போன வாரம் என் டிரையாங்கிளிலிருந்து நான் பார்த்தே இராத ஒரு வழியில் நழுவினான். எங்கே பிடித்தாய் என்றால், அந்த அக்காவைக் கைகாட்டுகிறான்.