கையில் பிடித்தே பறவைப் படம் எடுக்க எடை குறைந்த கேமரா, லென்ஸ் எது?

முக்காலி வேண்டாம், தோளுக்குப் பாரம் கூடாது என்று கேட்பதைப் பார்த்தால் உங்களுக்கும் என்னைப் போல ஐம்பதைத் தாண்டியிருக்கும், இல்லை தோளில் ஏதோ கோளாறு இருக்கும். அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன். கேனன் ஆர்10 வாங்குங்கள், அதோடு ஆர்எஃப் 100-400 லென்ஸ். கேமரா பேட்டரியோடு 429 கிராம், லென்ஸ் 635 கிராம், இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சென்சார் சின்னது என்பதால் 400 மில்லிமீட்டர் 640 போல எட்டும்.

நான் இருப்பது மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தையில். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் எங்களுக்கு அது பெர்ஜுந்தைதான். சின்ன வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால் வாளி தூக்கிய தோள் எனக்கு. கேமரா வாங்கப் போன இடத்தில் 200-600 லென்ஸை எடுத்து நீட்டினார்கள். பறவை என்றால் இதுதான் அக்கா, சின்னது வாங்கினால் அப்புறம் வருத்தப்படுவீங்க என்றார் அந்தத் தம்பி. லென்ஸ் மட்டுமே 2 கிலோ 115 கிராம். கண்ணில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. இதை மோட்டாரில் வைத்துக்கொண்டு போய், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள்ளே நடந்து, அப்புறம் வேறு தூக்கிப் பிடிக்கணும் தம்பி என்று சொல்லிவிட்டுச் சின்னதையே வாங்கினேன். இன்றுவரை அதுதான்.

எடை நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, காத்திருக்கும்போதுதான் தெரியும். கால்வாய் ஓரம் மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாது, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிய அந்த நொடியில் பாய்ந்துவிடும். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நிற்கலாம். ஒரு கிலோ என்றால் நிற்கலாம், மூன்று கிலோவோடு என்னால் முடியாது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பறவையின் அசைவைப் பிடிக்காது. உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், பறக்கிறதற்கு 1/2000க்குக் கீழே இறங்காதீர்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு அதிகப் படம் கிடைக்கும், ஆனால் படத்தில் இறக்கை வளைந்து விழும், அதனால் சாதாரண ஷட்டரிலேயே வையுங்கள்.

எஃப் 8 இருட்டு லென்ஸாச்சே, வெளிச்சத்தைக் குறைவாகத்தானே உள்ளே விடும் என்று யாராவது கீழே எழுத வருவார்கள். தெரியும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, 3200, 6400 என்று ஏற்றித்தான் ஆக வேண்டும், படத்தில் புள்ளி தெரியும், கணினியில் குறைத்துக்கொள்ளலாம். எலி பிடிக்கத் தோட்டத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள் இல்லையா, அது அந்தியில் வெளியே வரும் நேரத்துக்கு இந்த லென்ஸ் சரிவராது. அதற்காகக் கூகையின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், தயவுசெய்து. இன்னும் எடை குறைய வேண்டுமென்றால் ஓஎம்-5 கேமராவோடு ஒலிம்பஸ் 75-300 இருக்கிறது, மொத்தமே 850 கிராமுக்குள். ஆனால் பறவையை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதி அந்தக் கேமராவில் கிடையாது.

கிட்டப் போனால் பெரிய லென்ஸே தேவையில்லை என்றும் சிலர் சொல்வார்கள். போக விட்டால்தானே! நான் வளர்ந்த தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, வாசலில் தடுப்புக் கம்பி போட்டு ஜாகா (காவலாள்) வைத்திருக்கிறார்கள். கடிதம் இருக்கா என்று கேட்கிறார்கள். அம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்த இடம் அது, ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) என்னைப் போட்டு வளர்த்த இடம். கோயில் மட்டும் நிற்கிறது, அதற்கும் திருவிழா அன்றைக்குத்தான் வழி விடுகிறார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மரத்தில் செம்பருந்து கூடு கட்டியிருக்கிறது, அதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எடுக்கிறேன். 640 எட்டுவதால்தான் அதுவாவது முடிகிறது. இந்தக் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள், இருக்கட்டும்.

இந்த லென்ஸுக்கு மழைக் காப்பு கிடையாது. பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, உள்ளே நூல் நூலாக ஏதும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வெள்ளியை (ரிங்கிட்டை) எண்ணிக் கொடுங்கள்.