ஓய்வூதிய நிதிகள் ஏன் நகரத்து வாடகை வீடுகளில் முதலீடு செய்கின்றன?

சம்பளத்தில் பிடித்த பணத்தைப் பெருக்கி, பிற்காலத்தில் பென்ஷனாகத் தருவது ஓய்வூதிய நிதி. இன்று 25 வயதுக்காரருக்கு அது 40 ஆண்டுகள் கழித்துப் பணம் தர வேண்டும். வாடகை இதற்குத் தோதானது: மாதாமாதம் வரும், பெரும்பாலும் விலைவாசியோடு ஏறும். நெதர்லாந்தில் கட்டுமானத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியும் இப்படி வாடகை வீடுகளில் பணம் போட்டிருக்கிறது.

சரி, இதில் ‘நீடித்த முதலீடு’, அதாவது சுற்றுச்சூழலையும் மக்களையும் பாதிக்காமல் நெடுங்காலம் பலன் தரும் முதலீடு, எது? வெப்பம் கசியாத சுவர், சூரியத் தகடு, நடுத்தர வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை. (வாடகைதான் உண்மையான சோதனை; தகடு மாட்டுவது சுலபம்.) நெடுந்தூரம் போகிறவர் வண்டியைச் சர்வீஸ் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். பல பத்தாண்டுகள் வீட்டை வைத்திருப்பவரும் அப்படியே: பராமரிக்காத கட்டடம் பின்னால் செலவு வைக்கும், கட்ட முடியாத வாடகை குடியிருப்பவரை விரட்டும்.

இதைத் தர்ம காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உறுப்பினர்களின் பென்ஷனுக்கு வருமானம் வராவிட்டால் எந்த நிதியும் இதில் இறங்காது.